ஏரிப் பனியும் காமிராக் கண்ணும்



எங்கள் தாராவி வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு பழைய புகைப்படம் இருக்கிறது. ஐம்பதுகளின் நடுவில், மாதுங்காவில் ஒரு ஸ்டூடியோவில் எடுக்கப்பட்டது அது. என் பாட்டனார் வேட்டியும், இரவலாக வாங்கிய கோட்டும் அணிந்து நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் ஓர் ஏரி. ஏரிக்கு அப்பால் வெண்பனி போர்த்திய மலைச் சிகரங்கள். கரையில் இலையுதிர்த்து நிற்கும் இரண்டு மரங்கள். எல்லாம் படுதாவில் தீட்டிய சித்திரம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, தோல் பதனிடும் கொட்டடியில் உழைத்த அவர், தம் வாழ்நாளில் உறைந்த ஏரியைக் கண்டதில்லை. ஆயினும் ஊரிலுள்ள உற்றார்க்கு, "நான் நலமாக இருக்கிறேன்" என்று காட்டுவதற்காக அவர் அனுப்பிய படத்தில், அவர் பனி ஏரியின் கரையிலேதான் அமர்ந்திருக்கிறார்.

கடலோரத்துப் பம்பாயில், காலணி தைக்கும் தெருவில் வாழ்ந்த ஒரு தமிழனின் முதுகுக்குப் பின்னால் இந்தப் பனி ஏரி எப்படி வந்து சேர்ந்தது? இக்கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், வரலாறு நம்மை அமெரிக்க ஏரிகளுக்கும் இமயத்தின் கணவாய்களுக்கும் அழைத்துச் செல்கிறது. பிறகு நம் சென்னைக் கடற்கரைக்கும் பம்பாய்க் கோட்டைக்கும் திரும்பக் கொணர்ந்து விடுகிறது.

தமிழர்க்குப் 'பனி' என்ற சொல் புதிதன்று. ஆறு பெரும் பொழுதுகளில் இரண்டினை முன்பனி என்றும் பின்பனி என்றும் நம் முன்னோர் வகுத்தனர். ஆனால் நாம் கண்ட பனி, புல்நுனியில் நின்று வெயில் வந்ததும் மறையும் துளி. மார்கழி வைகறையில் வயல்மேல் படரும் மூட்டம். நீர் கல்லாக இறுகுவதையும், அதன்மேல் மனிதன் நடப்பதையும் கேள்வியால் அறிந்தோமேயன்றிக் கண்ணால் கண்டோமில்லை. உறைந்த நீர் இரண்டு வழிகளில் நம்மிடம் வந்தது. ஒன்று, கப்பலில் பாளம் பாளமாக வந்த பனிக்கட்டி; மற்றொன்று, காகிதத்தில் வந்த புகைப்படம். வியப்பு என்னவென்றால், இவ்விரண்டின் கதையும் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஏரிக்கரைகளில் தொடங்கியவை.

முதலில் பனிக்கட்டியின் கதையைப் பார்ப்போம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தைச் சேர்ந்த பிரெடரிக் டியூடர் என்ற வணிகர், குளிர்காலத்தில் தம் நாட்டு ஏரிகளில் இலவசமாகக் கிடைக்கும் பனிக்கட்டியை வெப்ப நாடுகளில் விலைக்கு விற்கலாம் என்று எண்ணினார். 1806-ஆம் ஆண்டில் மார்த்தினிக் தீவுக்கு முதற் சரக்கை அனுப்பினார். ஊரார் நகைத்தனர், நட்டமும் வந்தது. ஆனால் அவர் முயற்சியைக் கைவிடவில்லை. 1833-ஆம் ஆண்டு மே மாதம் 'டஸ்கனி' என்ற கப்பல் சுமார் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனை விட்டுப் புறப்பட்டது. நான்கு மாதப் பயணம். இருமுறை நிலநடுக்கோட்டைக் கடந்தாக வேண்டும். செப்டம்பரில் அது கல்கத்தாவை அடைந்தபோது ஏறத்தாழ 100 டன் கட்டி கரையாமல் இருந்தது!

இது மாயமன்று, முறையறிந்து செய்த தொழில். ஏரி நன்கு உறைந்தபின் மேலே படிந்த மென்பனியை முதலில் சுரண்டி அகற்றுவார்கள். பிறகு, நம் உழவர் ஏரோட்டுவதுபோல், குதிரை பூட்டிய இரும்புக் கலப்பையைப் பனித்தளத்தின்மேல் ஓட்டிச் சதுரங்கப் பலகைபோல் கோடு கிழிப்பார்கள். நத்தானியல் வையத் என்பவர் 1825-இல் உருவாக்கிய கருவி இது. கோட்டின் வழியே அறுத்த பாளங்கள் ஒரே அளவினவாக அமையும். ஆகவே கப்பலில் இடைவெளியின்றி அடுக்கலாம். இடைவெளி இல்லையேல் காற்றுப் புகாது. காற்றுப் புகாவிடின் கரைவதும் குறையும். சுற்றிலும் மரத்தூளைத் திணிப்பார்கள். மரம் அறுக்கும் பட்டறைகள் வேண்டாமென்று ஒதுக்கிய தூள் அது. மதிப்பற்ற தூளும் மதிப்பற்ற பனியும் சேர்ந்து பெரும் பொருளாயின.

பம்பாய் நகரம் 1834-இல் இப்பனிக்கட்டியைச் சுவைத்தது. ஜாம்ஷெட்ஜி ஜீஜீபாய் தம் இல்லத்து விருந்தில் ஐஸ்கிரீம் வழங்கினார் என்பதும், உண்டவர்களுக்கு ஜலதோஷம் பிடித்தது என்று அந்நாளைய பத்திரிகை எழுதியது என்பதும் இன்றும் சொல்லப்படும் சுவையான செய்தி. கோட்டைப் பகுதியில், ஸ்காட்லாந்துக்காரர்களின் தேவாலயத்தை அடுத்து, பனிக்கட்டிக்கென்றே ஒரு கட்டடம் எழுந்தது. இருபதாம் நூற்றாண்டில் அது இடிக்கப்பட்டு விட்டது.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். பத்தாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள ஏரியின் நீர், கட்டியாக உறைந்து பம்பாய்ச் செல்வர்களின் கோப்பைகளில் மிதந்தபோது, இந்நகரத்து எளியவர்கள் கிணறும் குளமும் வற்றித் தவித்தார்கள். விஹார் ஏரியிலிருந்து குழாய் வழியே தண்ணீர் வந்தது 1860-இல்தான். துளசி ஏரி 1879-இலும், தான்சா 1892-இலும் வந்தன. தன் ஏரி நீரைக் காணுமுன் அயலூர் ஏரியின் பனிக்கட்டியைக் கண்ட நகரம் பம்பாய்!

சென்னையில் 1842-இல் டியூடரின் நிறுவனம் கடற்கரையில் பனிக்கட்டிக் கிடங்கு ஒன்றைக் கட்டியது. அக்காலத்தில் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலில் தொலைவிலேயே நங்கூரமிடும். கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் சரக்கை இறக்கி, சீறும் அலைகளைக் கடந்து கரை சேர்த்தவர்கள் நம் கடற்கரை மக்கள். வெயிலில் கணந்தோறும் கரையும் சரக்கை அலையில் நனையாமல் கொண்டுவருவது எத்தகைய வேலையாய் இருந்திருக்கும்! டியூடரின் பெயரை வரலாறு எழுதி வைத்தது. துடுப்புப் போட்டவர்களின் பெயர்களில் ஒன்றையும் எழுதி வைக்கவில்லை.

1870-களில் இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை இந்தியாவில் வேரூன்றவே, ஏரிப் பனி வாணிபம் மெலிந்து மறைந்தது. சென்னைக் கிடங்கு கைமாறி, வழக்கறிஞர் பிலிகிரி அய்யங்காரின் இல்லமாயிற்று. 1897 பிப்ரவரியில் சுவாமி விவேகானந்தர் அங்கே தங்கிச் சொற்பொழிவாற்றினார். பின்னர் சகோதரி சுப்பலட்சுமியின் முயற்சியால் இளம் விதவைகளுக்குப் புகலிடமாக அது விளங்கியது. 1963-இல் 'விவேகானந்தர் இல்லம்' என்று பெயர் சூட்டப்பட்டது. ஆயினும் திருவல்லிக்கேணியில் அப்பகுதியை இன்றும் 'ஐஸ் ஹவுஸ்' என்றே மக்கள் வழங்குகின்றனர். கட்டி கரைந்தது, பெயர் கரையவில்லை.

இனிப் புகைப்படத்தின் கதைக்கு வருவோம். டஸ்கனி கப்பல் கல்கத்தாவில் சரக்கை இறக்கிய அடுத்த மாதம், அதாவது 1833 அக்டோபரில், இத்தாலி நாட்டுக் கோமோ ஏரியின் கரையில் ஓர் ஆங்கிலேயர் அமர்ந்து இயற்கைக் காட்சியை வரைய முயன்றுகொண்டிருந்தார். அவர் பெயர் வில்லியம் ஹென்றி பாக்ஸ் டால்பட். கண்ணாடிக் கருவியின் துணையிருந்தும் அவருக்குச் சித்திரம் கைவரவில்லை. ஒளியே தன்னைத் தானே காகிதத்தில் எழுதிக்கொண்டால் என்ன என்ற எண்ணம் அப்போது அவருள் எழுந்தது. அந்த எண்ணமே காகிதத்தில் நெகட்டிவ் எடுத்துப் பல படிகள் அச்சிடும் முறைக்கு வித்தாயிற்று. 1839-இல் பிரான்சில் டாகுவேரின் முறையும், இங்கிலாந்தில் டால்பட்டின் முறையும் உலகுக்கு அறிவிக்கப்பட்டன.

இக்கலை இந்தியாவை அடையத் தாமதமாகவில்லை. 1854-இல் பம்பாயில் புகைப்படச் சங்கம் தோன்றியது. கல்கத்தாவும் சென்னையும் 1856-இல் பின்தொடர்ந்தன. பம்பாய்ச் சங்கத்தில் ஆங்கிலேயர் மட்டுமன்றி, டாக்டர் பாவு தாஜி போன்ற இந்தியரும் உறுப்பினராய் இருந்தனர். நம் சென்னை மாகாணத்தில் லின்னேயஸ் டிரைப் என்ற படை அதிகாரி அரசாங்கப் புகைப்படக்காரராக நியமனம் பெற்று, மதுரை, தஞ்சை, திருவரங்கம், புதுக்கோட்டை ஆகிய ஊர்களைப் படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 1858-இல் 21 படங்களாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். வெப்பத்தோடு போராடிய கலைஞர் அவர்.

குளிரோடு போராடியவர் சாமுவேல் போர்ன். நாட்டிங்ஹாம் நகரத்தில் வங்கிக் குமாஸ்தாவாக இருந்த அவர், அவ்வேலையை உதறிவிட்டு 1863-இல் இந்தியாவுக்கு வந்தார். சிம்லாவைத் தலைமையிடமாகக் கொண்டு 1863, 1864, 1866 ஆகிய ஆண்டுகளில் மூன்று இமயப் பயணங்கள் மேற்கொண்டார். சட்லெஜ் பள்ளத்தாக்கு, காஷ்மீரத்து ஏரிகளும் ஓடைகளும், கங்கை பனியாற்றிலிருந்து வெளிப்படும் கோமுகம் எனப் பல காட்சிகள் அவருடைய கண்ணாடித் தகடுகளில் பதிந்தன. 1866-இல் சுமார் 18,600 அடி உயரமுள்ள மணிரங் கணவாயில் நின்று படமெடுத்தார். அவ்வளவு உயரத்தில் அதற்குமுன் எவரும் எடுத்ததில்லை; பின்னரும் பல ஆண்டுகள் எவரும் அதை விஞ்சவில்லை.

அந்நாளில் படமெடுப்பது எத்துணை அரிய செயல் என்பதை இன்றைய இளைஞர்கள் அறிய வேண்டும். கொலோடியன் என்னும் பசைபோன்ற திரவத்தைக் கண்ணாடித் தகட்டில் சீராகப் பரப்ப வேண்டும்; இருட்டுக் கூடாரத்துக்குள் வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்க்க வேண்டும்; ஈரம் உலருமுன் காமிராவில் செருகிப் படமெடுத்து, உடனே கூடாரத்துக்கு ஓடிவந்து கழுவ வேண்டும். எல்லாம் சுமார் பத்து நிமிடங்களுக்குள் முடிய வேண்டும். பனி மலையில் விரல்கள் மரத்துப் போகும். மருந்துகள் குளிரில் மந்தமாகும். காற்றடித்தால் கூடாரம் பறக்கும். பெரிதாக்கி அச்சிடும் வசதி எளிதில் இல்லாத காலமாதலின், பெரிய படம் வேண்டின் பெரிய கண்ணாடியே வேண்டும். அத்தனையும் கால்நடையாகச் சுமந்து செல்லப்பட்டன.

சுமந்தவர் யார்? போர்ன் அல்லர். முதற் பயணத்தில் சுமார் 30 கூலியாட்களும், மூன்றாம் பயணத்தில் சுமார் 80 கூலியாட்களும் கண்ணாடிப் பெட்டிகளையும் மருந்துப் புட்டிகளையும் முதுகில் சுமந்து பனியில் ஏறினார்கள். சிலர் குளிர் தாங்காமல் சுமையைப் போட்டுவிட்டு ஓடியதையும், தாம் தடியெடுத்து அவர்களை அடித்ததையும் போர்ன் தம் பயணக் கட்டுரைகளில் தாமே எழுதியிருக்கிறார். அவருடைய படங்களில் பாறையருகே, பாலத்தின்மீது, சிறு உருவங்களாக மனிதர்கள் தென்படுவர். மலையின் உயரத்தை ஒப்பிட்டுக் காட்ட நிறுத்தப்பட்ட அளவுகோல்கள் அவர்கள். அவர்களுக்கும் பெயர் இல்லை.

எனினும் அப்படங்களின் அழகை மறுக்க இயலாது. 1868-இல் சிம்லாவில் பனி மூடிய தேவதாரு மரங்களை அவர் எடுத்த படம் புகழ் பெற்றது. அக்காலத் தகடு நீல ஒளிக்கே இசையும். பச்சையும் சிவப்பும் அதில் கருமையாகிவிடும். ஆகவே நீல வானம் வெளிறிப்போய், அதன்முன் நிற்கும் வெண்பனிச் சிகரம் வானோடு கலந்து மறைந்துவிடும். கருத்த மரத்தையோ பாறையையோ முன்னே நிறுத்தினால்தான் பனியின் வெண்மை புலப்படும். இந்த நுட்பத்தை உணர்ந்து, கருமைக்கும் வெண்மைக்கும் நடுவே தம் காட்சிகளை அமைத்தார் போர்ன். அவர் பங்குபெற்ற 'போர்ன் அண்டு ஷெப்பர்டு' நிறுவனம் கல்கத்தாவில் 2016 வரை நிலைத்திருந்தது. இமயமும் ஏரியும் பனியும் அந்நிறுவனம் போன்றவற்றின் விற்பனைப் படங்கள் வழியே நாடெங்கும் பரவின. அழகிய காட்சி என்றால் பனிமலையும் ஏரியுமே என்ற எண்ணம் இவ்வாறு ஊன்றியது. அதுவே ஸ்டூடியோப் படுதாவில் ஏறி, என் பாட்டனாரின் முதுகுக்குப் பின்னாலும் வந்து நின்றது.

இன்று மாதுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் விடுமுறையில் காஷ்மீரத்துக்கும் சிம்லாவுக்கும் சென்று வருகின்றன. டிசம்பர் 21-இல் தொடங்கும் நாற்பது நாள் கடுங்குளிரைக் காஷ்மீரத்தார் 'சில்லை கலான்' என்பர். அக்காலத்தில் சில ஆண்டுகளில் தால் ஏரியின் மேற்பரப்பு உறைந்துவிடும்; 2021 ஜனவரியிலும் அவ்வாறு உறைந்தது. அங்கே படமெடுக்க விரும்புவோர்க்குச் சில சொற்கள். காமிராவைத் தன்போக்கில் விட்டால், வெண்பனியைச் சாம்பல் நிறமாகவே காட்டும். ஆகவே அது காட்டும் அளவைவிட இருமடங்கு முதல் நான்கு மடங்கு வரை ஒளி மிகுதியாக விடுக. உச்சி வெயிலைத் தவிர்த்து, காலையிலும் மாலையிலும் சாய்ந்து விழும் ஒளியில் எடுக்க. அப்போதே பனியின் மடிப்பும் விரிசலும் தெரியும். பாட்டரியைச் சட்டைக்குள் உடற்சூட்டில் வைத்துக்கொள்க. அறைக்குத் திரும்புமுன் காமிராவைப் பையிலிட்டு வாயைக் கட்டிவிடுக. இல்லையேல் குளிர்ந்த கண்ணாடியில் நீர் கோத்துக்கொள்ளும். படத்துக்காக உறைந்த ஏரியின்மேல் கால் வைக்க வேண்டா. ஓரத்தில் கல்போல் இருப்பது நடுவில் கண்ணாடிபோல் நொறுங்கும்.

இவை எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. படத்தின் பின்புறத்தில் நாளும் இடமும் எழுதி வைத்தல். இது வெறும் ஒழுங்குக்காக அன்று. கங்கோத்ரிப் பனியாற்றின் முகத்தைப் போர்ன் 1866-இல் எடுத்தார். 1935-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் ஆடன் அதன் எல்லையை அளந்து வரைபடமாக்கினார். இன்று அந்த எல்லை 1935-இல் இருந்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கி விட்டது. அமெரிக்காவில் டியூடரின் ஆட்கள் 1846-47 குளிர்காலத்தில் பாளம் அறுத்த வால்டன் குளத்தின் கரையில் தோரோ என்ற அறிஞர் வாழ்ந்தார். பனி உடையும் நாளை அவர் பல ஆண்டுகளில் குறித்து வைத்தார். அவர் குறிப்பைக் கொண்டு பார்க்கையில், இன்று அங்கே சுமார் இரண்டு வாரம் முன்னதாகவே பனி உடைகிறது. நாளும் இடமும் குறித்த படமும் குறிப்பும் இல்லையேல், பனி குறைந்த கதையை நாம் எவ்வாறு அறிவோம்? அன்று வேடிக்கையாக எடுத்தது இன்று சாட்சியாய் நிற்கிறது.

நம் சொந்தக் கதைக்கும் இச்சாட்சி வேண்டாவோ? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து திருநெல்வேலி மக்கள் தாராவிக்கு வந்து தோல் தொழிலை வளர்த்தனர். 1896-இல் பரவிய பிளேக் நோய்க்குப் பின் நகர மேம்பாட்டு அறக்கட்டளை வகுத்த மாதுங்காவில் தென்னாட்டார் குடியேறி, 1932-இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தை நிறுவினர். அங்கிருந்து செம்பூர் வரை படர்ந்தனர். இத்தனை தலைமுறைகளின் முகங்கள் எங்கே? ஒரு சில டிரங்குப் பெட்டிகளில்.

2005 ஜூலை 26-ஆம் நாளை மும்பைவாசிகள் மறக்கமாட்டார்கள். சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் வீட்டில் இடுப்பளவு நீர் நின்றது. பெட்டியைத் திறந்தபோது படங்கள் பல ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிக் கிடந்தன. பாட்டனாரின் படம் மட்டும் தப்பியது. அதுவும் முழுமையாக அன்று. படுதாவின் பனிமலை பாதி அழிந்தது. அவருக்கு அருகில் நின்ற பெண்மணியின் முகம் தெளிவாகவே இருக்கிறது. ஆனால் அவர் யார்? உடன் பிறந்த தங்கையா? ஊரிலிருந்து வந்த உறவினரா? பின்புறத்தில் எவரும் எழுதவில்லை. அறிந்தவர் அனைவரும் காலமாகி விட்டனர். இமயத்தில் கண்ணாடி சுமந்தவரைப்போல், சென்னைக் கடலில் பனிக்கட்டி கடத்தியவரைப்போல், எங்கள் வீட்டிலேயே ஒருவர் பெயரற்றவராகி விட்டார். முன்னவர்களின் பெயரை எழுதாதவர் அயலார். இவர் பெயரை எழுதாதவர்கள் நாங்களே.

தாராவியின் மறுசீரமைப்பு நடைபெறும் இந்நாளில், மாதுங்காவின் பழைய வீடுகள் அடுக்குமாடிகளுக்கு இடந்தரும் இந்நாளில், வீடு மாறும் ஒவ்வொரு குடும்பமும் பழைய பெட்டியை ஒருமுறை திறக்கும். அப்போது அருள்கூர்ந்து ஒரு மென்மையான பென்சிலை எடுங்கள். வீட்டில் முதியவர் இருந்தால் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள். "அத்தை, இது யார்? பெரியப்பா, இது எந்த ஊர்?" என்று கேளுங்கள். சொல்வதைப் படத்தின் பின்னே தமிழில் எழுதுங்கள். ஒரு மாலைப் பொழுது போதும்.

ஏரியிலிருந்து வெட்டிய பனிக்கட்டி மரத்தூளைப் போர்த்திப் பாதி உலகம் கடந்து வந்தது. நினைவும் அத்தகையதே, காப்பார் இருந்தால் நெடுந்தூரம் வரும், இல்லையேல் நம் கண்முன்னேயே கரையும். எங்கள் வீட்டுப் படத்தின் பின்னே நான் இப்போது எழுதி வைத்திருக்கிறேன்: பாட்டனார் பெயர், மாதுங்கா, ஐம்பதுகளின் நடு. அந்தப் பெண்மணிக்காக ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். அறிந்தவர் எவரேனும் ஒருநாள் சொல்லக்கூடும்.